கேமரா ஃபைலைப் பார்த்து ப்ராசஸர் தேர்ந்தோம்: 90,000 ரூபாயில் எடிட்டிங்குக்கும் கேமிங்குக்கும் ஒரே கணினி

பின்னணி

2023 அக்டோபரில், விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் என்னைப் பார்க்க வந்தார்கள். கணினி பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அண்ணன் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். சுற்றுவட்டார ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஃபுட்டேஜைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவர் வீட்டிலிருந்தே வேலையை முடித்துத் தருவார். தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வாலரண்ட் ஆடுவார். ஜிடிஏ 5 போன்ற பெரிய கேம்களையும் ஆட வேண்டும் என்பது அவர் ஆசை. இருவருக்கும் சேர்த்து ஒரே கணினி, மொத்தம் 90,000 ரூபாய். மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் அதற்குள்ளேயே வர வேண்டும். பணத்தில் பாதி அண்ணனின் சேமிப்பு, மீதி அம்மா சேர்ந்திருந்த சீட்டை எடுத்தது. அவர்கள் சம்மதத்துடன், அடையாளங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. புரட்டாசியில் முகூர்த்தம் இல்லாததால் வேலை குறைவு. ஐப்பசி பிறந்ததும் வரிசையாகக் கல்யாணங்கள். அதற்குள் புதுக் கணினி ஓட ஆரம்பித்திருக்க வேண்டும்.

பழைய கணினியில் இருந்தது ஐ5 4460 ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க். முழு ஹெச்டி வீடியோ எடிட் செய்த காலத்தில் அது குறையின்றி ஓடியது. அவருக்கு அதிகம் வேலை கொடுக்கும் ஸ்டுடியோ அந்த ஆண்டு நடுவில் புது மிரர்லெஸ் கேமரா வாங்கியதிலிருந்துதான் தொல்லை. டைம்லைனில் பிளே பட்டனை அழுத்தினால் படம் நின்று நின்று நகர்ந்தது. முகூர்த்த நேரத்தை மட்டும் வெட்டி ஒட்டுவதற்கே ஒரு பகல் போய்விடுகிறது என்றார். எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் எழுந்து பார்க்கும்போது பாதியில் நின்றிருக்குமாம்.

கையில் இருந்த கொட்டேஷன்

வரும்போதே ஒரு கடையின் கொட்டேஷனோடுதான் வந்தார்கள். ஐ5 12400எஃப், ஹெச்610 மதர்போர்டு, 16 ஜிபி ஒற்றை ரேம், ஆர்டிஎக்ஸ் 4060, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஆர்ஜிபி கேபினெட், அதனோடு வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், 600 விஏ யுபிஎஸ். மொத்தம் ஏறக்குறைய 83,000.

இதை மோசமான கொட்டேஷன் என்று சொல்ல மாட்டேன். கேம் மட்டும் ஆடும் ஒருவருக்கு எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் மாற்றிவிட்டால் நல்ல கணினிதான். கடைக்காரர் என்ன கேம் ஆடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார், எடிட்டிங் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். என்ன ஃபைலை எடிட் செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. இந்த ஊர்ப்பக்கம் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்தப் பட்டியலின் முதல் வரியே மாறியிருக்கும்.

ஃபைலைத் திறந்து பார்த்தது

பாகங்களைப் பற்றிப் பேச்செடுக்கும் முன், அண்மையில் எடுத்த ஒரு கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவரச் சொன்னேன். எல்லாக் கேமராவிலிருந்தும் ஒவ்வொரு கிளிப்பை எடுத்து மீடியாஇன்ஃபோவில் திறந்தோம். இலவசச் சாஃப்ட்வேர். ஒரு வீடியோ ஃபைல் எப்படிச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதை வரி வரியாகக் காட்டும்.

ஹெச்.264, ஹெச்இவிசி என்பவை சுருக்கும் முறைகள். பிட் எண் நிறத்தின் நுணுக்கத்தைச் சொல்லும், 4:2:0, 4:2:2 என்பவை நிற விவரம் எவ்வளவு சேமிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும். பழைய கேமராவின் கிளிப் ஹெச்.264, 8 பிட், 4:2:0. டிரோன் கிளிப் ஹெச்இவிசி, 10 பிட், 4:2:0. இந்த இரண்டையும் இன்றைய கார்டு எதுவும் சிரமமின்றிக் கையாளும். புதுக் கேமராவின் கிளிப்தான் வேறு: ஹெச்இவிசி, 10 பிட், 4:2:2, 4கே, நொடிக்கு ஏறக்குறைய 100 மெகாபிட். லாக் என்ற வெளிறிய நிற புரொஃபைலில் எடுத்தால் அந்தக் கேமரா தானாகவே இப்படித்தான் பதிவு செய்யும். ஸ்டுடியோக்காரருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பட்டுப் புடவையின் கலரைப் பிறகு சரிசெய்ய வசதியாக இருக்கும் என்று லாக்கில் வைத்திருந்தார். அவர் நினைத்ததும் சரிதான். 4:2:2 ஃபைலில் நிற விவரம் அதிகம் இருப்பதால் ஜரிகை ஓரங்கள் கலர் மாற்றும்போது சிதையாது.

இந்த 4:2:2தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. சுருக்கிய வீடியோவை விரிக்க ப்ராசஸரிலோ கிராபிக்ஸ் கார்டிலோ தனியாக ஒரு டிகோடர் பகுதி இருக்கும். அந்த வகை ஃபைலை டிகோடருக்குத் தெரிந்திருந்தால் வேலை சத்தமில்லாமல் நடக்கும். தெரியாவிட்டால் மொத்தப் பாரமும் ப்ராசஸரின் கோர்களுக்குப் போய்விடும். என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகளின் டிகோடருக்கு ஹெச்இவிசி 4:2:0 தெரியும், 4:2:2 தெரியாது. அப்போது கிடைத்த ஏஎம்டி கார்டுகளுக்கும், ரைசனுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கும் இதே நிலைதான். இன்டெல் 12ஆம் தலைமுறைக்குள் இருக்கும் யுஹெச்டி 730 என்ற சின்ன கிராபிக்ஸுக்கு அது தெரியும். கேம் ஆடுகிறவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, அதனால்தான் எஃப் எழுத்து உள்ள ப்ராசஸரைக் கடைகள் பரிந்துரைக்கின்றன. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கூடவே குவிக் சிங்க் எனப்படும் அந்த டிகோடரும் கிடையாது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அப்போது சுமார் 2,500 ரூபாய்.

இதை அப்படியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. என் கடையில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 போட்டது. இன்னொன்று ஓர் அலுவலகத்துக்காகப் பொருத்திய ஐ5 12400, கார்டே இல்லை. அதே கிளிப்பை இரண்டிலும் பிரீமியர் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டோம். முதல் கணினியில் ஒற்றைக் கிளிப் ஓடியது. பல கேமராக் காட்சிகளை ஒன்றாக ஓட்டும் மல்டிகேமில் இரண்டு அடுக்கு வைத்ததும் ப்ராசஸர் நூறு சதவீதத்தைத் தொட்டு ஃப்ரேம்கள் விழ ஆரம்பித்தன. கார்டு சும்மா இருந்தது. டாஸ்க் மேனேஜரில் வீடியோ டிகோட் வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தது. கார்டே இல்லாத இரண்டாவது கணினியில் அதே இரண்டு அடுக்கும் தடங்கலின்றி ஓடின.

“அண்ணே, கார்டு இல்லாத சிஸ்டம் ஜெயிக்குதே?” என்று தங்கைதான் முதலில் கேட்டார். இந்த ஒரு வேலையில் ஜெயிக்கும், கலர் கரெக்‌ஷனும் எஃபெக்ட்டும் போட ஆரம்பித்தால் கார்டு வேண்டும், கேமுக்குக் கார்டு இல்லாமல் முடியவே முடியாது என்றேன். ஆக இரண்டும் வேண்டும்: உள்ளே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் ப்ராசஸர், அதோடு தனிக் கார்டு.

எடுத்த முடிவுகள்

ப்ராசஸர் இப்படி முடிவானது: ஐ5 12400. ஆறு கோர், 12 த்ரெட். 2022 ஜனவரியில் வந்தது, பட்ஜெட் கணினிகளில் நன்றாகத் தேறியது. 13ஆம் தலைமுறைக்குப் போகப் பணம் இடம் கொடுக்கவில்லை.

கார்டில்தான் நீண்ட விவாதம். கடை சொன்ன ஆர்டிஎக்ஸ் 4060 கேமில் 3060ஐவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடுதல். மின்சாரமும் குறைவு, 115 வாட்தான். ஆனால் நினைவகம் 8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி, அந்த நேரத்தில் மூவாயிரம் ரூபாய் போலக் குறைவு. ரிசப்ஷன் ஃபுட்டேஜ் பெரும்பாலும் மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் எடுப்பது. அதில் தெரியும் புள்ளிகளை, அதாவது நாய்ஸை, நீக்கும் பிளகினை (துணைச் சாஃப்ட்வேர்) 4கேயில் போட்டால் கார்டின் நினைவகம் வேகமாக நிறையும். நிறைந்துவிட்டால் எக்ஸ்போர்ட் பாதியில் பிழை காட்டி நிற்கும், வேகம் குறைவதோடு அது முடிவதில்லை. வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லிவிட்ட எடிட்டருக்கு அது தாங்காது. தங்கை ஆடும் வாலரண்ட் இரண்டு கார்டிலும் தாராளமாக ஓடும் கேம். அதனால் 3060, 12 ஜிபி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆர்டிஎக்ஸ் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் 2022 கடைசியில் வந்தது. நினைவகம் மட்டும் குறைவு என்று நினைக்க வேண்டாம், நினைவகத்துக்குத் தரவு போகும் பாதையின் (பஸ்) அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. வேகம் நன்றாகவே இறங்கும். பில்லில் “ஆர்டிஎக்ஸ் 3060” என்று மட்டும் போட்டிருந்தால் எது வருகிறது என்று தெரியாது. 12 ஜிபி என்று பில்லில் எழுதி வாங்கச் சொன்னேன்.

ஆர்எக்ஸ் 6600ஐயும் பார்த்தோம். கேமுக்கு 3060க்குச் சமமாக நிற்கும், ஐயாயிரம் போல மிச்சம். கேம் மட்டுமே என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன். இவர் பயன்படுத்தும் பிளகின்கள் என்விடியா கார்டில் மட்டும் இருக்கும் கூடா (CUDA) என்ற வசதியை நம்பி இருந்ததால் விட்டோம். பழைய கார்டு வாங்கினால் குறையுமே என்ற பேச்சும் வந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தையில் நிறைய வந்திருந்தன. வருமானம் தரும் கணினிக்கு வாரண்டி இல்லாத கார்டு வேண்டாம் என்பது என் பக்கத்து வாதம், அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

ஹெச்610க்குப் பதில் பி660 மதர்போர்டு, டிடிஆர்4. ஹெச்610இல் ரேம் இடம் இரண்டுதான், எஸ்எஸ்டிக்கு ஒற்றை எம்.2 தான் பெரும்பாலும். மணிக்கணக்கில் எக்ஸ்போர்ட் ஓடும் கணினிக்கு மின்சாரப் பகுதியில் ஹீட்சிங்க் உள்ள போர்டு வேண்டும் என்பதும் காரணம். ரேம் 16 ஜிபி இரண்டு, மொத்தம் 32. ஒற்றை ரேம் போட்டால் தரவு போகும் வேகத்தில் பாதி வீணாகும். இங்கே உள்ளிருக்கும் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது.

எஸ்எஸ்டிக்கு ஒரு கணக்குப் போட்டோம். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. முகூர்த்தம், ரிசப்ஷன், இரண்டு கேமரா எல்லாம் சேர்த்து எட்டு மணி நேர ஃபுட்டேஜ் வந்தால் 360 ஜிபி. 512 ஜிபியில் ஒரு கல்யாணத்தை வைத்தாலே விண்டோஸுக்கு மூச்சு முட்டும். ஒரு டிபி எடுத்தோம், டிஎல்சி வகையில். அதைவிட மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டிகளில் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) இருக்கும் வரை வேகம் பறக்கும். ஒரே மூச்சில் 300 ஜிபி நகல் எடுக்கும்போது கேஷ் நிரம்பி, ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கும் கீழே போவதுண்டு. பெட்டியில் போட்டிருக்கும் நொடிக்கு 3,500 எம்பி என்ற எண் முதல் சில நிமிடங்களுக்கு மட்டும் சொல்வது.

எஸ்எம்பிஎஸ் பற்றி வாக்குவாதமே வரவில்லை, ஸ்டிக்கரைக் காட்டியதே போதுமானதாக இருந்தது. கேபினெட்டோடு வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று மேசையில் கிடந்தது. அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியில் 17 ஆம்பியர். பெருக்கினால் 204 வாட். கார்டும் ப்ராசஸரும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 3060க்கு 170 வாட், 12400 முழு வேகத்தில் 117 வாட், இவை இரண்டுமே 287. அப்புறம் ஃபேன், டிஸ்க், போர்டு. 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ளதை எடுத்தோம்.

யுபிஎஸ்ஸும் இதே கணக்குதான். 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது 360 வாட். எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால், மானிட்டரையும் சேர்த்து அந்த எல்லையைத் தொட்டு யுபிஎஸ்ஸே கீச்சிட்டு அணைந்துவிடும். எந்த நேரத்துக்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் கைவிடும். 1,100 விஏ எடுத்தோம்.

கண்ணாடி கேபினெட் வேண்டாம், முன்பக்கம் வலைக்கம்பி போட்ட கேபினெட் போதும் என்றேன். அவர்கள் கணினி வைக்கப்போவது மொட்டை மாடியில் போட்ட அறை, ஏசி இல்லை.

கடைசியாக மானிட்டர். இங்கேதான் தங்கை விட்டுக்கொடுத்தார். நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமானது, வாலரண்ட் போன்ற கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த விலைக்கு அன்று கிடைத்த 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அரக்குச் சிவப்பு பழுப்பாகத் தெரிந்தது. அண்ணன் திருத்தித் தரும் கலரைப் பார்த்துத்தான் பெண் வீட்டார் பணம் கொடுக்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் பேனல் முடிவானது. “சரி, அண்ணன் சம்பாதிச்சு எனக்குத் தனியா வாங்கித் தரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விலை ஏறக்குறைய இப்படி விழுந்தது. ப்ராசஸர் 16,500, மதர்போர்டு 10,500, ரேம் 6,500, கார்டு 26,000, எஸ்எஸ்டி 5,500, எஸ்எம்பிஎஸ் 4,200, கேபினெட் 3,800, மானிட்டர் 9,000, யுபிஎஸ் 5,500. மொத்தம் 87,500. எல்லாமே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த பில் விலை. சென்னை ரிச்சி தெருவில் பில் இல்லாமல் இன்னும் குறைவாக முடியும் என்று அவர்கள் உறவினர் ஒருவர் சொன்னார். கார்டுக்கு மூன்று வருட வாரண்டி இருக்கிறது, பில் இல்லாவிட்டால் அதைக் கேட்கப் போய் நிற்க முடியாது. மிச்சத்தில் வேகமான கார்டு ரீடர் ஒன்று வாங்கினார்கள். ஆர்ஜிபி விளக்கு எதுவும் வாங்கவில்லை.

பொருத்திய அன்று

எல்லாம் பொருத்தி, விண்டோஸ் 11 போட்டு, பிரீமியரில் அதே கிளிப்பைத் திறந்தோம். படம் திணறியது. ரைசன் கணினியில் பார்த்த அதே திணறல்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஒரே ஒரு ஜிபியு (கிராபிக்ஸ் பகுதி), என்விடியா மட்டும். தனிக் கார்டு செருகியதும் பல போர்டுகள் உள்ளிருக்கும் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற அமைப்பைத் தேடி எனேபிள் செய்து, இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைத் தனியாக நிறுவிய பிறகு இரண்டாவது ஜிபியு தெரிந்தது. பிரீமியரின் மீடியா அமைப்புகளில் ஹார்ட்வேர் டிகோடிங்கின் கீழே இன்டெல், என்விடியா என்று இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும். இன்டெல்லுக்கு டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அதன்பின் இரண்டு அடுக்கு, மூன்றாவதாக டிரோன், எல்லாம் நின்று போகாமல் ஓடின. இன்டெல் வீடியோ டிகோட் வரைபடம் மேலேறியது, ப்ராசஸர் இளைப்பாறியது.

சரியான ப்ராசஸரை வாங்கிய பிறகும் இந்த ஒரு அமைப்பு தெரியாமல் பலர் திணறலோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். “12400 வாங்கினேன், பயனில்லை” என்று சொல்லும் எடிட்டர்களின் கணினியை நான் திறந்து பார்த்தபோது பெரும்பாலும் இதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

தங்கையின் பக்கத்திலும் ஒரு தடங்கல். வாலரண்ட் திறந்ததும் வேன் 9001 என்று பிழை காட்டி மூடிக்கொண்டது. விண்டோஸ் 11இல் அந்த கேமுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும். பயாஸில் செக்யூர் பூட் அணைந்திருந்தது. அதையும் அங்கேயே சரிசெய்தோம். கிளம்பும் முன், எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைத்து யுபிஎஸ்ஸைச் சோதித்தோம். மலிவான சில யுபிஎஸ்கள் தரும் அலையோடு இந்த வகை எஸ்எம்பிஎஸ் ஒத்துப்போகாமல் கணினி சட்டென்று அணைந்துவிடுவதுண்டு. அணையவில்லை.

அதற்குப் பிறகு

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் சிக்கலின்றிப் போயின. ஒரு பகல் பிடித்த வெட்டும் வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிறது என்றார். எக்ஸ்போர்ட் கார்டில் வீடியோவைச் சுருக்கும் பகுதியான என்கோடரில் ஓடுவதால் அதற்காக இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே கணினியில் இரண்டு பேர் என்பதில் எதிர்பார்த்த உரசலும் வந்தது. எக்ஸ்போர்ட் ஓடும்போது கேம் ஆட முடியாது, இரண்டும் அதே கார்டைக் கேட்கும். எக்ஸ்போர்ட்டுகளை வரிசையில் போட்டு இரவு பத்தரைக்கு மேல் ஓட விடுவது, மாலை தங்கைக்கு என்று அவர்களே ஒரு நேரம் பேசி வைத்துக்கொண்டார்கள். எந்தப் பாகம் வாங்கினாலும் தீராத விஷயம் இது. ஒரே கணினி என்று முடிவெடுக்கும் வீடுகளில் வாங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

தை மாதத்தில் வேறொரு ஸ்டுடியோவின் வேலை வந்தது. அந்தக் கேமராமேன் எடுத்தது ஹெச்.264, ஆனால் 10 பிட், 4:2:2. ஹெச்இவிசியில் 4:2:2 தெரிந்த யுஹெச்டி 730க்கு ஹெச்.264இல் 4:2:2 தெரியாது. என்விடியா கார்டுக்கும் தெரியாது. மறுபடி திணறல். போனில் கேட்டபோது பிராக்ஸி போடச் சொன்னேன். ஒரிஜினலுக்குப் பதிலாக முழு ஹெச்டி அளவில், எளிதாக ஓடும் புரோரெஸ் பிராக்ஸி வகை நகல்களை இரவில் உருவாக்க விட்டு, காலையில் அவற்றை வைத்து எடிட் செய்து, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் ஒரிஜினல் பயன்படும் முறை இது. மணிக்குச் சுமார் 17 ஜிபி இடம் பிடிக்கும். வேலை நடந்தது. ஆனால் எஸ்எஸ்டியில் இடம் போதாமல், கேஷுக்கும் பிராக்ஸிக்கும் என்று இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினார். போர்டில் இன்னொரு எம்.2 இடம் இருந்தது அப்போது உதவியது.

சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் கத்திரி வெயிலோடு வந்தன. நீண்ட எக்ஸ்போர்ட்டில் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தபோது மாடி அறையே அடுப்பங்கரைபோல் கொதித்தது. போர்டு தன் வழக்கப்படி மின்சார வரம்பைத் தளர்த்தி வைத்திருந்தது. ப்ராசஸரோடு வந்த சின்ன கூலரால் அந்த அறையில் ஈடுகொடுக்க முடியவில்லை. 2,000 ரூபாய்க்குள் கோபுர வகை கூலர் ஒன்றை மாற்றினோம். வரம்பை இறக்கினாலும் தீர்ந்திருக்கும், ஆனால் சீசன் நேரத்தில் வேகம் குறைவதை அவர் விரும்பவில்லை. அன்றிலிருந்து வெப்பப் புகார் இல்லை.

இன்று என்றால் எது மாறும்

இரண்டு விஷயங்களை முதல் நாளே பட்டியலில் சேர்ப்பேன். மாடி அறை, ஏசி இல்லை என்று கேட்டவுடனே தனிக் கூலர். அப்புறம் இரண்டாவது எஸ்எஸ்டி, 500 ஜிபியாவது. கார்டு ரீடருக்குப் போன மிச்சப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அன்றே முடிந்திருக்கும்.

ஒரு கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் பார்ப்பதும் போதாது. எடிட்டர் எந்தெந்த ஸ்டுடியோவுக்கு வேலை செய்கிறாரோ, எல்லாரிடமிருந்தும் ஒவ்வொரு கிளிப் வாங்கிப் பார்த்துவிடுவதுதான் இப்போது என் வழக்கம். அந்த ஹெச்.264 4:2:2 முன்பே தெரிந்திருந்தாலும் 2023இல் ப்ராசஸர் தேர்வு மாறியிருக்காது. பிராக்ஸிக்கான இடம் மட்டும் கணக்கில் வந்திருக்கும்.

பெரிய மாற்றம் கார்டில் வந்திருக்கிறது. 2025இல் வந்த என்விடியா 50 வரிசையின் டிகோடருக்கு ஹெச்.264, ஹெச்இவிசி இரண்டிலும் 4:2:2 தெரியும். அதனால் ஆர்டிஎக்ஸ் 5060 போடும் கணினிக்கு உள்ளே கிராபிக்ஸ் உள்ள இன்டெல்தான் வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது. ரைசனும் போடலாம், எஃப் ப்ராசஸரும் போடலாம். நினைவகம் 8 ஜிபிதான் என்பதால் நாய்ஸ் நீக்கும் வேலை அதிகம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இன்டெல்லின் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது, ஹெச்இவிசி 4:2:2ஐயும் கையாளும். கூடா கேட்கும் பிளகின் இல்லாத எடிட்டருக்கு அதைச் சொல்கிறேன்.

ரேம் விலை எதிர்த்திசையில் போய்விட்டது. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. 2023இல் 6,500க்கு வாங்கிய 32 ஜிபி அந்த விலைக்குக் கிடைக்காது. டிடிஆர்4 கணினி ஓடிக்கொண்டிருப்பவர்கள் புதுப் போர்டு, புது ரேம் என்று மொத்தமாக மாற்றுவதைவிட, இருக்கும் ரேமை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுவது இப்போதைக்கு மலிவு.

அந்த அண்ணனுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். 12400, போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஹெச்.264 4:2:2 வேலை மாதத்துக்கு ஒன்றிரண்டு என்பதைத் தாண்டினால் 3060ஐ விற்றுவிட்டு 50 வரிசையில் 12 ஜிபிக்குக் குறையாத கார்டுக்குப் போகலாம், அதுவரை பிராக்ஸியே போதும். இந்த ஆண்டுப் பணத்தில் அவர் வாங்கியிருப்பது தங்கைக்கான இரண்டாவது மானிட்டர், 144 ஹெர்ட்ஸ்.